ஐம்பதாவது மஞ்சள் பெட்டி

"டெல்மர், சாவியைக் குடு! நான் ஓட்டிக்கிட்டுப் போயிடறேன். நீ இங்கேயே குடித்தனம் பண்ணு!"

காருக்குள்ளிருந்து லவோன் போட்ட சத்தத்தில், நெப்ராஸ்காவின் சோளக்காட்டுக் காக்கைகள் பாதி, பக்கத்து மாநிலத்துக்கே குடிபெயர்ந்துவிட்டன.

டெல்மர் அசையவில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டினாற்போல் முக்காலி போட்டு, அதன்மேல் கேமராவை வைத்து, தவம் செய்யும் கொக்கு மாதிரி நின்றிருந்தார்.

"அஞ்சே நிமிஷம், கண்ணு."

"இதையே அம்பது நிமிஷமா சொல்றே! மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு மேல போட்டிக்குக் கேக் வாங்க மாட்டாங்க. கண்காட்சி மைதானத்துக் கொடி அதோ தெரியுது. கேட்டைத் தாண்டினா ரெண்டு நிமிஷம்!"

அவள் மடியில் எலுமிச்சைக் கேக். மூன்றடுக்கு. மேலே பூசிய வெள்ளைக் கிரீம் ஜூலை வெயிலில் வியர்க்க ஆரம்பித்திருந்தது.

"போன வருஷம் எண்ணெய் டாங்கர் வருதுன்னு நின்னே. அதுக்கு முந்தின வருஷம் மரக்கட்டை வேகன். ரெண்டு வருஷமும் நான் போறதுக்குள்ள மேஜையை மடிச்சு வெச்சுட்டாங்க. அந்த இமோஜீன் செங்கல்லைச் சுட்டு எடுத்துட்டு வந்து முதல் பரிசு ரிப்பனைக் குத்திக்கிட்டுப் போனா!"

"இந்தத் தடவை அப்படி இல்லம்மா. இது 60817!"

தானியம் ஏற்றும் மஞ்சள் ரயில் பெட்டிகள் மொத்தம் ஐம்பது. நாற்பத்தொன்பதைப் படம் எடுத்தாயிற்று. 60817 என்ற நம்பர் போட்ட இந்த ஒன்று மட்டும் இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாமூச்சி காட்டுகிறது. அது இன்று வரும் கூட்ஸ் வண்டியில் இருப்பதாகக் காலையில்தான் நண்பர் ராஸ்கோ போன் செய்திருந்தார். டெல்மர் வீட்டில் சரக்குப் பெட்டி ஆல்பங்கள் முப்பத்தெட்டு இருக்கின்றன. கல்யாண ஆல்பம் ஒன்று. அதிலும் நாலு படத்தில் பின்னால் போகும் நிலக்கரி வண்டிதான் தெளிவாக விழுந்திருக்கும்.

"சரி, கேட்டைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் நின்னு எடுத்துத் தொலையேன்!"

"அந்தப் பக்கம் நிழல். காலை வெயில் இந்தப் பக்கம்தான் விழும். நம்பர் தெளிவா வேணாமா?"

லவோன் காரை விட்டு இறங்கினாள். பிறகு கேக்கை மரநிழலில் வைத்தாள்.

"நான் காத்தாட நடந்துட்டு வரேன்."

கேட் கம்பம் வரை போய், அங்கே சற்று நின்றுவிட்டுத் திரும்பினாள். முகத்தில் ஒரு தெளிவு.

"பரவாயில்லை. நீ நிதானமா எடு" என்றாள்.

நாற்பத்தொரு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. டெல்மர் கொஞ்சம் பயந்துதான் போனார்.

அதற்குள் ஊதல் கேட்டது. கேட் இறங்கியது. எஞ்சின்கள் உறுமிக்கொண்டு வந்தன. பின்னால் பெட்டி, பெட்டி, பெட்டி... நூற்று முப்பது பெட்டியாவது இருக்கும். திடீரென்று பூமியே பல்லைக் கடித்தது போல ஒரு கிறீச். வேகம் குறைந்து, குறைந்து, முழு வண்டியும் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

டெல்மருக்கு நேர் எதிரே மஞ்சள் பெட்டி. வெயில் பளீரென்று விழ, ஒரு கிறுக்கல்கூட இல்லாமல், 60817.

"லவோன்! என் முன்னாலேயே நின்னுடுச்சு! போஸ் குடுக்குது பாரு!" டெல்மர் ஆடிய ஆட்டத்தில் முக்காலி ரெண்டுகாலி ஆகியிருக்கும். "நிறுத்தின புண்ணியவான் யாரோ தெரியலை. பார்த்தேன்னா கையைப் பிடிச்சு முத்தம் குடுப்பேன்!"

"புண்ணியவானா?" லவோன் கொதித்தாள். "என் வழியை மறிச்சு வண்டியை நிறுத்தினவன் எவனா இருந்தாலும், அவன் வீட்டு அடுப்புல ஆயுசுக்கும் ஒரு கேக் உப்பாமப் போகட்டும்!"

"அவ்வளவு கோபம்னா, கம்பத்துல நீலப் பலகை இருக்கு பார், அதுல ரயில்வே போன் நம்பர் போட்டிருக்கான். கூப்பிட்டுத் திட்டேன்."

லவோன் சட்டென்று குனிந்து, வழிந்த கிரீமை விரலால் துடைக்க ஆரம்பித்தாள். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்."

பத்து நாற்பது. பத்து ஐம்பது. டெல்மர் இருநூறாவது படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, தண்டவாளத்து ஓரமாக ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ரயில்வே போலீஸ்காரர் இறங்கினார்.

"ஐயா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? குதிரை மாதிரி இருக்கேன்!"

"இந்தக் கேட்ல ஒரு கிழவர் தண்டவாளத்தை ஒட்டித் தள்ளாடிக்கிட்டு நிக்கிறார், வந்து விரட்டி விடுங்கன்னு போன் வந்துச்சு. ஆள் அடிபட்டுடக் கூடாதேன்னு வண்டியையே நிறுத்தச் சொல்லிட்டோம்."

"நான் தள்ளாடறேனா? எவன் சொன்னான்?"

"ஒரு அம்மா, சார். பேர் கேட்டா சொல்ல மாட்டேன்னுட்டாங்க. 'சீக்கிரம் வாங்க, கேக் உருகுது'ன்னு மட்டும் மூணு தடவை சொன்னாங்க."

மணி பதினொன்று அடித்தது. டெல்மர் கேமராவைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை கிரீம் வழிய உட்கார்ந்திருந்த அந்தப் புண்ணியவதியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.