தேவகுஞ்சரியின் கட்டைவிரல்

ஞாயிறுதோறும் வாரம் முழுமைக்கும் நூடுல்ஸ் சூப்புக்கு வேண்டியதை ஜாடிகளில் அடைத்துவிடுவேன். தினம் ஒன்றில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பலாம். ஆனால் அந்த மூடி! கட்டைவிரலை வைத்தால் ரத்த அழுத்தத்தைப் பார்க்கும். அந்த அழுத்தத்துக்கு உள்ளே இருக்கும் உப்பு ஆகாதென்றால் பத்து யானை இழுத்தாலும் திறக்காது. எனக்கோ அழுத்தம் அதிகம்; அதனால் என் மனைவியின் விரல்தான் எனக்குச் சாவி.

"குஞ்சரி, விரலைக் கொடேன்."

"உங்க நாக்கு ஏழு முழம்," என்று திட்டிக்கொண்டே திறப்பாள்.

செவ்வாயன்று அவள் விரலுக்கும் மூடி அசையவில்லை.

"கெட்டுப்போச்சு போல," என்றேன்.

"மூடி நல்லாத்தான் இருக்கு. நாலு நாளா எனக்குத் தலை சுத்துது. சொன்னா ஊரைக் கூட்டுவீங்களேன்னு விட்டுட்டேன்."

கூட்டினேன்தான். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்ததும் வீட்டுக்கு வந்து, எல்லா ஜாடியையும் கொட்டிவிட்டு உப்பில்லாமல் புதிதாக அடைத்தேன்.

"நூல்கண்டை வேகவச்ச மாதிரி இருக்குங்க," என்றாள்.

"அமிர்தம்!" என்றேன், முகத்தைக்கூடச் சுளிக்காமல்.