முதல் பக்கம்

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டியூப்லைட் கண் சிமிட்டுகிறது. பிரஸ் மெஷினில் ஒருவனுக்கு விரல்கள் போய் ஒன்பது நாள். விசாரணை அதிகாரி ஃபைலைப் புரட்டுகிறார். எதிரே, பழி சுமந்து நிற்கும் சூப்பர்வைசர் முனிராஜ். “மெஷின் சரியில்லேன்னு முன்னாடியே ஆபீஸ் கம்ப்யூட்டர்லேர்ந்து மேனேஜருக்கு மெயில் போட்டேன் சார். சரசக்காதான் பிரிண்ட் எடுத்து வெச்சாங்க.” கிளார்க் சரசு ஃபைலில் அந்த ஒற்றைத் தாளைக் காட்டுகிறாள். எந்த மெயிலானாலும் முதல் பக்கத்தை மட்டும் அச்சிட்டு, கம்ப்யூட்டரில் போனது வந்தது எல்லாவற்றையும் அழித்துவிடு என்பது மேனேஜரின் காகிதச் சிக்கனம். அங்கேயே நிற்கும் மேனேஜரோ, வாங்க மனமில்லாத சரக்கைப் பார்ப்பதுபோல் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்க்கிறார். முனிராஜ் மரியாதைக்காரன்; வணக்கம், நன்றி, வீட்டார் நலம் என்றே பக்கம் நிறைந்திருக்கிறது. கடைசி வரியை அதிகாரி வாசிக்கிறார்: “தங்கள் மேலான கவனத்துக்கு, மூன்றாம் நம்பர் பிரஸ்... அப்புறம்? மிச்சம் எங்கேம்மா?” “சொல்லுங்கக்கா,” என்கிறான் முனிராஜ். சரசு மேனேஜரின் முதுகைப் பார்க்கிறாள். “அவ்வளவுதான் சார்.”