நத்தைக்கு ஒரு பதில்

"அக்கா, இவன் எழுதியிருக்கிறதைப் பாரேன். ஒரே வரியில நாலு எழுத்துப்பிழை" என்று சிரித்தாள் தங்கை.

புரோகிராமர்கள் புனைபெயரில் மல்லுக்கட்டும் இணையதளம் அது. அங்கே அவள் பெயர் 'ஊசி'. எதிராளி, போன வாரம் வந்து சேர்ந்த 'நத்தை'.

"என்னதான் சொல்றான்?"

"ஒரே நேரத்துல நிறைய பேர் வந்தா என் புரோகிராம் படுத்துடுமாம்."

"படுத்துடுமா?"

"அது கிடக்கட்டும். எழுதத் தெரியாதவன் எனக்குப் புத்தி சொல்றதா?"

'ஒன்றாம் வகுப்புக்குப் போய் எழுதப் படித்துவிட்டு வா' என்று தட்டிவிட்டாள். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. 

"பாவம்டி அவன். சரி, மாப்பிள்ளைக்குக் காபி கொடுத்துட்டு வரேன்."

உள்ளே போன அக்கா போன வேகத்தில் திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது.

"மாப்பிள்ளை அழறார்டி."

தங்கை ஓடினாள். கட்டிலில் சாய்ந்திருந்த கணவனின் மடியில் லேப்டாப். திரையில் 'நத்தை' என்ற பெயர். அதன் கீழே அவள் தட்டிய வரி.

அவனும் புரோகிராமர்தான். பக்கவாதத்தில் வலது கை விழுந்து, பேச்சும் எழுத்தும் குழறிப்போன பிறகு லேப்டாப்பைத் தொடவே மாட்டேன் என்றிருந்தான். "எழுத வைங்கம்மா, அதுதான் மருந்து" என்று டாக்டர் சொல்லி, அவள் கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல், இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டியிருக்கிறான்.



"யாரோ... ஊசியாம்" என்று குழறியபடி அவன் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான். "நீ... நல்லா எழுதுவியே. எனக்காக... ஒரு பதில் போடேன்."