ரெண்டு ஸ்பூன் ரத்தம்

"கல்லு மாதிரி இருக்கான்! இவனுக்கு எதுக்கு டாக்டர் ரத்தம்?"

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்களை "பிரேக்! பிரேக்!" என்று அதட்டியே முற்றிப்போன குரல். கேட்கவா வேண்டும்?

மாடி வார்டில் அவருடைய எட்டு வயசுப் பெண் படுத்திருந்தாள். மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் எழுந்து நடமாடுவாள். அவளுக்குச் சேருகிற ரத்தமோ லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் இருக்கும். கொடுக்க ஆள் தேடி மாஸ்டர் அலையாத அலைச்சல் இல்லை.

அதே ரத்தத்தை ஸ்டெம் செல்லிலிருந்து இந்த ஆஸ்பத்திரி லேபிலேயே வளர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், மனுஷன் அரக்கப் பரக்க ஓடி வந்தார்.

வந்து பார்த்தால், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஊசிக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறான் அவர் மனைவியின் தம்பி!

ஊரே 'சவடால்' என்று கூப்பிடுகிற ஆள். எந்த ஆபீசுக்குப் போனாலும் அங்கே ஒரு பெரிய மனுஷரைத் தெரியும் என்பான்.

"வாங்க அத்தான்! இன்னிக்கு நம்ம கையாலதான் திறப்பு விழா" என்றான், காலை ஆட்டிக்கொண்டே.

"யார் காலைப் பிடிச்சுடா இந்த இடத்தைப் பிடிச்சே?"

"அதெல்லாம் எதுக்கு? நானா வந்து கேட்டேன், சரின்னுட்டாங்க."

"வெக்கமா இல்லே உனக்கு? உன் குரூப் ரத்தம்தான் ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கே! அங்கே என் பொண்ணு வெளிறிப்போய்க் கிடக்கிறா. அவளுக்கு இல்லாதது உனக்கா?"

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று டாக்டரம்மா குறுக்கிட்டார்.

"நீங்க சும்மா இருங்கம்மா! வளர்த்ததே ரெண்டு ஸ்பூன். அதையும் இந்தத் தடியனுக்குத் தாரை வார்க்கறீங்க! எந்திரிடா முதல்ல!"

மாஸ்டர் அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

கை ஜில்லிட்டிருந்தது.

"என்னடா இது?"

"ஏ.சி. அத்தான்... ஓவரா வெச்சிருக்காங்க" என்று கையை உருவிக்கொண்டான். நெற்றியெல்லாம் வியர்வை.

டாக்டரம்மா இந்தத் தடவை விடவில்லை. "சார், எங்க வேலையில எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு. நாங்க வளர்த்த ரத்தம் நல்ல ரத்தம், இவர் குரூப்புக்கும் சேரும். ஆனா உடம்புக்குள்ள போனா எப்படி இருக்கும்னு ஏத்திப் பார்த்தாத்தான் நிச்சயமாத் தெரியும். இதை இதுவரைக்கும் எந்த மனுஷனுக்கும் ஏத்தினதில்லே."

மாஸ்டர் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ... இவனுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஒரு மண்ணும் ஆகாது. நீங்க போடுங்க டாக்டர்" என்று கையை நீட்டினான் சவடால். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அழுது ஊரைக் கூட்டிடுவா. எனக்கு ஒண்ணும் ஆகலேன்னாத்தான் நம்ம பாப்பாவுக்கு ஏத்துவாங்களாம் அத்தான். அதான் முந்திக்கிட்டேன்."