யாருக்குப் பாகு

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், பெரியவள் தன் ஓரகத்தி சின்னவளின் அலமாரியைத் திறந்தாள். நகைப்பெட்டியை ஓரமாகத் தள்ளினாள். அவளுக்கு வேண்டியது அதற்குப் பின்னால் இருந்த மருந்து பாட்டில்.

இடுப்பில் செருகியிருந்த இன்னொரு பாட்டிலை எடுத்தாள். அது அவள் மகளுடையது.

வீட்டின் இரண்டு பிள்ளைகளுக்கும் மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் புது மருந்தை ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று இருவரையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் சர்க்கரைப் பாகு. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாதாம்.

பெரியவளுக்குத் தெரியும். சின்னவளின் மகன் வாண்டு இரண்டாவது பாட்டில் முடிவதற்குள் மாடிப்படியில் ஏறி இறங்கி ஆட்டம் போட்டான். இவள் மகளுக்குச் செருப்பு மாட்டுவதற்குள் மூச்சு வாங்கியது.

"ராத்திரி தூங்கினாளா அக்கா?" என்று சின்னவள் தினமும் கேட்பாள். விசாரிக்கிற சாக்கில் குத்திக் காட்டுகிறாள் என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமியார் வேறு. "சின்னவ கைராசி அப்படி. அவ குடுத்தா பச்சத் தண்ணியும் மருந்தாகும்."

நேற்று இந்த மாதத்துப் பாட்டில்கள் வந்தன. பெரியவள் வேலைக்குப் போயிருந்ததால் சின்னவள்தான் இரண்டையும் வாங்கி வந்தாள். "இந்தாங்க, உங்களோடது" என்று நீட்டும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பு பெரியவளைத் தூங்கவிடவில்லை.

பிள்ளைகளின் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை நகத்தால் நெம்பினாள். இரண்டும் அடம் பிடிக்காமல் உரிந்து வந்தன. கடவுளே நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டாள். பெயர்களை மாற்றி ஒட்டி, தன் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு, வாண்டுவுடையதை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒரு வாரம் ஆயிற்று. மகளின் நெஞ்சில் விசில் சத்தம் நிற்கவில்லை. பாகு குடிக்கிறவனோ கூடத்தில் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தான். அவன் பிறந்த நேரம் அப்படி என்று பெரியவள் பல்லைக் கடித்தாள்.

மகளை மடியில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது சின்னவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். முகம் சரியில்லை. கண்டுபிடித்துவிட்டாள், இன்றோடு மானம் போயிற்று என்று நினைத்தாள் பெரியவள்.

"அக்கா, திட்டாதீங்க," என்றாள் சின்னவள், குரலைத் தாழ்த்தி. "இவளுக்கு இன்னும் ஏன் மருந்து கேக்கலைன்னு எனக்குப் புரியல. வாண்டுவுக்குத்தான் சரியாயிடுச்சே, அவன் ஒரு மாசம் பாகு குடிச்சா என்னன்னு தோணிச்சு."

"என்ன சொல்ற நீ?"

"வாங்கிட்டு வர்ற வழியிலயே பேரை மாத்தி ஒட்டிட்டேன்."