ராசாவின் குசினி

"எங்கயம்மா என்ர பாஸ்போர்ட்டை ஒளிச்சு வச்சிருக்கிறீங்கள்?"

தர்ஷனா கத்தியது குசினிக்குள் நின்ற சந்திரகலாவுக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவள் பருப்பைத் துழாவிக்கொண்டே நின்றாள்.

"நான் ஏன் ஒளிக்கிறன்? கண்ட கண்ட இடத்தில போட்டிருப்பாய்."

"நேற்று பையின்ர முன் பொக்கற்றுக்குள்ள வச்சனான். பின்னேரம் ஃப்ளைட். எனக்கு இருபத்தேழு வயசு அம்மா. இது என்ன நியாயம்?"

நியாயமான கேள்விதான். வேலைக்குப் போகும் மகளின் பாஸ்போர்ட்டைக் குடிபெயர்ந்து வந்த இந்தக் குவேக்கர்ஸ் ஹில்லில் எந்தத் தாய் திருடுவாள்? தர்ஷனா ஒன்றும் கூத்தடிக்கப் போகவில்லை. வட இந்தியாவில், மொகலாய அரசன் ஒருவன் ஆசை ஆசையாகக் கட்டி, பிறகு சனமில்லாமல் பாழாய்ப்போன நகரம் ஒன்றில் அகழ்வு நடக்கிறது. போன வருடம் அங்கே உதவியாளராக நின்றவளுக்கு, இந்த முறை அரண்மனைக் குசினியைத் தோண்டும் பொறுப்பு முழுவதாகவே கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை அங்கே நிற்காவிட்டால் அது வேறு யாருக்காவது போய்விடும்.

"ராசாவின்ர குசினியைக் கிண்டி என்ன காணப்போறாய்? அந்தாள் என்ன சாப்பிட்டா எங்களுக்கென்ன?"

"போன வருசம் நான் நீலப் பீங்கான் துண்டு எடுத்த நேரம், உங்களோட வேலை செய்யிற வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி நேர்ஸ்மார் எல்லாருக்கும் ஃபோட்டோ காட்டினது ஆர்? கெல்லிவில் அன்ரிகூட எனக்கு ஃபோன் எடுத்து வாழ்த்தினவா."

"அது பீங்கான்."

"இப்ப மட்டும் என்ன வந்தது உங்களுக்கு?"

சந்திரகலா பருப்புச் சட்டியை இறக்கி வைத்தாள். யோசித்துப் பார்த்தால், போன வருடம் தர்ஷனா திரும்பி வந்த அன்றுதான் தாயின் குணம் மாறியது. சாப்பாட்டு மேசையில் மகள் ஒரு படத்தைக் காட்டினாள். அரண்மனைக் குசினிக்குப் பின்னால் தூர்ந்துபோன கிணற்றில் கிடைத்த எலும்புகள். மற்றவர்கள் ஏதோ மிருகம் என்று ஒதுக்கியதை, இல்லை, இது இருபது வயதுப் பெடியன் என்று ஒரு பல்லையும் இடுப்பெலும்புத் துண்டையும் வைத்தே சொன்னவள் தர்ஷனா. அப்பா சிவபாலன் "கெட்டிக்காரி" என்று தோளில் தட்டினார். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சண்டை.

"மூடிக் கிடக்கிறதை மூடினபடி விடுங்கோவன்," என்றாள் சந்திரகலா. "போன சனம் எங்கையாவது போய் நல்லா இருந்திருக்குமெண்டு நினைச்சா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

"சும்மா நினைச்சுக்கொண்டு இருக்கேலாதம்மா. கிண்டிப் பார்த்தால்தான் தெரியும்."

"பெரிய ஆராய்ச்சி. மெடிசின் கிடைச்சதை விட்டுப்போட்டு மண்ணுக்குள்ள உருளுறாய்."

மெடிசின் கதை வந்ததும் தர்ஷனாவுக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை வருடம்தான் இதையே கேட்பது? இனிக் கேட்டுப் பயனில்லை என்று தானே தேடத் தொடங்கினாள். ஹோலில் மாலை போட்ட அம்மப்பாவின் படம். அதற்குப் பக்கத்தில், மாலை போடாத அருந்தவன் மாமாவின் படம், அம்மாவின் தம்பி. இரண்டுக்கும் பின்னால் ஒன்றுமில்லை. நேரே தாயின் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள்.

"அதைத் திறக்காதை." சந்திரகலா அகப்பையோடு ஓடி வந்தாள்.

வெளியே சிவபாலன் காரில் இருந்தபடி ஹோன் அடித்தார்.

சேலைகளுக்குப் பின்னால் பிரிக்காத ஆம்பிளைச் சேர்ட்டுகள் ஓர் அடுக்கு இருந்தது. கோபத்திலும் தர்ஷனாவுக்குத் தொழில் மறக்கவில்லை. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மேலே இருந்தது இந்த வருடத்துப் புதுசு. கீழே போகப் போகப் பொலித்தீன் மஞ்சளாகிக்கொண்டு போனது. அடியில் இருந்ததில் யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றின் பெயர். எல்லாம் ஒரே அளவு. அப்பாவின் வயிற்றுக்கு இதில் எதற்கும் பொத்தான் பூட்ட முடியாது. அடுக்கின் நடுவே அவளுடைய பாஸ்போர்ட் கிடந்தது. அதைக் கையில் எடுத்தாள்.

"ஆருக்கம்மா இதெல்லாம்?"

"அருந்தவனுக்கு. அவன்ர பிறந்தநாளுக்கு வருசா வருசம் வாங்கிறனான். வரேக்க போட உடுப்பு வேணும்தானே."

தர்ஷனாவின் கோபம் அப்படியே அடங்கிவிட்டது. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி அருந்தவன் மாமாவை ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனது அவள் பிறப்பதற்கு முன்பு. அவர் எங்கோ இருக்கிறார் என்றுதான் இந்த வீட்டில் பேச்சு. திவசம் கிடையாது, படத்துக்கு மாலையும் கிடையாது.

"அம்மா, நான் போறது ராசான்ர ஊருக்கு. அதுக்கும் மாமாவுக்கும் என்ன சம்பந்தம்?"

சந்திரகலா பாஸ்போர்ட்டின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப ராசான்ர ஊர். அங்க நல்லாப் பழகிடுவாய். எங்கட ஊரிலயும் காணாமப்போன ஆக்களைத் தேடிக் கிண்டுறாங்கள், எலும்பு எடுக்கிறாங்கள். நாளைக்கு உன்னைக் கூப்பிடுவாங்கள், நீயும் போவாய்." அவள் பிடியை விடவில்லை. "வேற ஆர் கிண்டினாலும் எனக்குப் பயமில்லைப் பிள்ளை. நீ கெட்டிக்காரி. நீ கிண்டினா அவனைக் கண்டுபிடிச்சுப் போடுவாய்."