கறுப்பு டேப்

"அக்கா, இது என்ன கூத்து?"

தம்பிக்கு ரத்தம் கொதித்தது. முன்பு ஸ்டுடியோவில் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு வரவே அக்காவோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இப்போது ஆசை ஆசையாக மிரர்லெஸ் கேமரா வாங்கினால், அதன் முதுகில் இருக்கும் பளபளப்பான திரைமேல் கறுப்பு டேப்பை ஒட்டிவைத்திருக்கிறாள்!

"எடுத்ததை உடனே பார்க்கத்தானே இந்தத் திரை? பிலிம் காலத்துப் புத்தி உன்னை விட்டுப் போகவே போகாதா?"

"வெளியே ஆள் காத்திருக்காங்க. அப்புறமா திட்டு."

உள்ளே வந்த பெண் தலையில் துணி கட்டியிருந்தாள். சிகிச்சையில் முகம் பாதியாக இளைத்திருந்தது. மடியில் மகள்.

அக்கா ஏதோ வேடிக்கை காட்டினாள். குழந்தை சிரித்தது. அதைப் பார்த்துத் தாயும் சிரித்தாள். கிளிக், கிளிக்.

"எப்படி வந்திருக்குன்னு காட்டுங்களேன்."

"திரை ரிப்பேர்மா. பிரிண்ட் போட்டுத்தான் பார்க்கணும்."

தம்பி பல்லைக் கடித்தான். நேற்று வாங்கிய கேமரா ரிப்பேராம்! வாய் கூசாமல் பொய்.

"அசிங்கமாத்தான் இருப்பேன். அழிச்சிடுங்க. உடம்பு தேறினதும் வந்து எடுத்துக்கறேன்."

"முதல்ல பிரிண்டைப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

அவர்கள் போனதும் தம்பி வெடித்தான். "கடை பேரே கெட்டுடும்! பிடிக்காததை அழிச்சுட்டு வேற எடுக்கறதுதான் இதோட சௌகரியமே!"

அக்கா டேப்பை மெல்ல உரித்தாள்.

"போன வருஷம் ஒரு டீச்சரம்மா, இதே மாதிரி துணி கட்டிக்கிட்டு, பையனோட வந்தாங்க. ஒவ்வொண்ணா பழைய கேமரா திரையில பார்த்து, 'ஐயோ, இது நானா? அழிச்சிடுங்க'ன்னாங்க. எல்லாம் போச்சு. பிலிமா இருந்தா நெகட்டிவாவது மிஞ்சியிருக்கும். அவங்க திரும்பி வரவே இல்ல. போன வாரம் அவங்க வீட்டுக்காரர் வந்தார். அம்மாவும் பையனும் சேர்ந்திருக்கிற கடைசிப் படம், ஒண்ணாவது கிடைக்குமான்னு கேட்டார்."

 அன்று அக்கா வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். படம் எடுத்தது தம்பி. கேட்கக் கேட்க அழித்ததும் அவன்தான். மறுநாள் அதைச் சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

உரித்த டேப்பை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டு கேட்டான். "அவர்கிட்ட என்னக்கா சொன்னே?"

"நான்தான் கைதவறி அழிச்சுட்டேன்னு."